தங்கைக்கு வந்த பென்ஷன்

என் தங்கைமேல் எனக்குப் பொறாமை வந்தது எங்கள் கடையை மூடிய பிறகுதான். அதற்கு முன் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆனது, ஆனால் சில வருடங்களிலேயே கணவர் இறந்துபோனார், பிள்ளையும் இல்லை. எங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவளுக்காகப் பரிதாபப்படுவார்கள், அப்புறம்தான் எனக்காக. அந்த வரிசையில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், பட்டுக்கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படிக்குக் கீழே எங்கள் ரவிக்கைக் கடை இருந்தது. கல்யாணப் புடவை எடுத்தவர்கள் அதே பையோடு எங்களிடம் வந்துவிடுவார்கள். நான் அளவெடுத்து வெட்டுவேன், அவள் தைப்பாள். வெட்டுகிறவளுக்குத்தான் கடையில் மரியாதை. பெண்வீட்டார் என்னிடம்தான் பேசுவார்கள். கழுத்து எவ்வளவு இறக்கம், கைக்குப் பார்டர் வருமா, முகூர்த்தத்துக்கு முன்னால் கிடைக்குமா என்று எல்லாமே என்னிடம். அவள் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை ஓட்டுவாள்.

கட்டடக்காரர் அந்த இடத்தை இடித்து லாட்ஜ் கட்டப்போவதாகச் சொன்னபோது எங்களுக்கு வேறு கடை பார்க்கத் தெம்பு இல்லை. என் முழங்கால் போய்விட்டது. அவளுக்கு ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் போதவில்லை. மெஷின்களை விற்றோம். அட்வான்ஸ் திரும்பி வந்தது. அத்தனை வருடம் பாங்கில் போட்டுவைத்ததையும் சேர்த்து, சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். பிரிக்கவேண்டும் என்று சொன்னது நான்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, பணம் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும் என்றேன். யார் பெயரில் எவ்வளவு என்று பின்னால் எங்களுக்குள் பேச்சு வரக்கூடாதே என்ற எண்ணம்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கல்யாண ரவிக்கையைத் தைத்தது நாங்கள்தான். இப்போது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்தாள். கடை மூடின செய்தி கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னாள். காபி கொடுத்தோம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

“பெரியக்கா, சின்னக்கா, ரெண்டு பேரும் கேளுங்க. இத்தினி நாளு கம்பெனிக்கு மாசாமாசம் கட்டி, கடைசில மொத்தமா வாங்கறதுதான் இன்சூரன்ஸ்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. இது தலைகீழ். நீங்க மொத்தமா ஒரு தடவ குடுத்துடுவீங்க. நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும் கம்பெனி உங்களுக்கு மாசாமாசம் குடுக்கும். நூறு வயசு இருந்தாலும் குடுக்கும்.”

“நாளைக்கே செத்துட்டா?” என்றேன்.

“அதுக்குத்தான் ரெண்டு வகை இருக்குது. ஒண்ணுல, உங்களுக்கு அப்புறம் நீங்க கட்டின துட்டு நாமினிக்கு வந்துடும். ஆனா மாசம் வர்றது கம்மி. இன்னொண்ணுல, உங்களுக்கு அப்புறம் யாருக்கும் ஒண்ணும் வராது. மாசம் வர்றது ஜாஸ்தி.”

நான் சிரித்துவிட்டேன். யாராவது அந்த இரண்டாவதை எடுப்பார்களா என்று கேட்டேன். ஏஜென்ட் பதில் சொல்வதற்குள் என் தங்கை, “எனக்கு அதுதான் வேணும்” என்றாள்.

நான் அவளை அடுக்களைக்குக் கூப்பிட்டுப் பேசினேன். “உனுக்கு இன்னா ஆச்சு. ஊசி பிடிச்சு ஊசி பிடிச்சு சேர்த்த துட்டு. நீ போன அப்புறம் எவனோ ஒரு கம்பெனிக்காரன் எடுத்துக்கினு போவானா?”

“நான் போன அப்புறம் எனக்கு எதுக்குக்கா?”

“நம்ம தம்பி புள்ள இருக்கான்.”

“அவன் சம்பாதிக்கறான்ல?”

அவ்வளவுதான் பேச்சு. அவள் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்து நான் பார்த்ததில்லை. ஒரு நூல்கண்டு வாங்குவதற்குக்கூட என்னிடம் கலரைக் காட்டிவிட்டுத்தான் வாங்குவாள். தன் பங்கில் கைச்செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் அதில் போட்டாள். பாலிசி வந்த பிறகும், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட அவகாசம் உண்டு என்று ஏஜென்ட் சொல்லியிருந்தாள். அந்த அவகாசம் முடிகிற வரை நான் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதை நினைவுபடுத்தினேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

என் பங்கை நான் பாங்கில் டெபாசிட் போட்டேன். வட்டி வரும், முதல் என் கையில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

மாதம் பிறந்ததும் அவள் போனில் ஒரு மெசேஜ் வரும். முதல் தடவை வந்தபோது அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள், போனைத் திருப்பி வைத்தாள், துணி மடிக்கப் போய்விட்டாள். என்னிடம் காட்டவில்லை. நானே கேட்டேன். சொன்னாள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் அது அடுத்த மாதமும் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது.

என்னைத் தின்றது தொகை இல்லை, அவள் அதைச் செலவு செய்த விதம்தான். என் வட்டியை எடுக்கும்போதெல்லாம், இது தீர்ந்தால் என்ன செய்வது, இன்னும் எத்தனை வருடம் இருப்பேன், வட்டி குறைந்தால் எப்படி என்று ஓடிக்கொண்டே இருக்கும். கறிவேப்பிலை வாங்கும்போதும் ஓடும். அவளுக்கு அது ஓடவில்லை. குதிகால் வலிக்கிறது என்று மெத்தென்ற செருப்பு வாங்கினாள். கோயிலுக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். எனக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வந்தால் நான் வேண்டாம் என்று நடந்தேன். முழங்கால் வலியோடு சந்நிதித் தெருவில் நடந்து நான் போய்ச் சேரும்போது, அவள் கோபுரவாசலில் பூ வாங்கி, பாதியைக் கிள்ளி எனக்காகக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எரியும்.

மத்தியானம் அவள் தூங்குவாள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். சாப்பிட்டுக் கை கழுவிப் பாயைப் போட்டால் உடனே தூக்கம். நான் பக்கத்தில் கண்ணை விழித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக் கிடப்பேன். அவள் வாய் லேசாகத் திறந்திருக்கும். எங்கோ ஏதோ ஒரு ஆபீசில் யாரோ முகம் தெரியாதவர்கள் அவளுக்காகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அவள் தூங்குகிறாள் என்று தோன்றும். எனக்காகக் கணக்குப் பார்க்க நான் மட்டும்தான்.

எங்கள் தம்பி காலமாகிவிட்டான். அவன் மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். நல்ல பையன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழங்களோடு வந்தான். ஓரிக்கையில், பாலாற்றுப் பக்கம், ஒரு மனை வருகிறது என்றான். விட்டால் போய்விடும், லோன் வருவதற்கு நாளாகும், அதுவரைக்கும் ஒரு கைமாற்று வேண்டும் என்றான். இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் கேட்டான், ஆனால் முதலில் சின்ன அத்தையைத்தான் பார்த்தான். அவள்தான் அவனை வளர்த்தவள்.

“எடுக்கவே முடியாதுப்பா,” என்றாள் அவள். “அது கம்பெனிகிட்ட போயிடுச்சு. மாசம் வர்றது மட்டும்தான் என்னுது.”

“கொஞ்சம்கூட எடுக்க முடியாதா சின்ன அத்தை?”

“எனக்கே முடியாதுப்பா. உனக்குன்னா குடுக்க மாட்டேனா?”

அவன் அதை நம்பினான். கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. முடியாது என்றால் முடியாதுதானே. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தான்.

மறுநாள் பாங்குக்குப் போய் ஒரு டெபாசிட்டை முறித்தேன். முறித்ததற்கு வட்டியைக் குறைத்துக்கொண்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை விளக்கிச் சொன்னபோது எனக்குக் காதில் ஏறவில்லை. என் தங்கை சொன்ன அந்த ஒரு வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாள். மனம் நோகவில்லை, உறவு கெடவில்லை. அதே பதிலை நான் சொல்லியிருந்தால் கல்நெஞ்சக்காரி ஆகியிருப்பேன். பூட்டு அவளிடம் இருந்தது, சாவி வேறு எங்கோ இருந்தது. என்னிடம் இரண்டும் இருந்தன, அதனால் எல்லாரும் என்னிடமே வந்தார்கள். தம்பி மகனுக்கு அப்புறம் என் கணவர் வழியில் ஒருவர் வந்தார், மகள் காலேஜ் ஃபீஸுக்கு. அதற்கும் கொடுத்தேன்.

அந்த மனை விஷயத்துக்குப் பிறகு தம்பி மகன் அடிக்கடி வந்தான். எனக்குப் பிடித்த கொய்யாப்பழம், முழங்காலுக்குத் தைலம் என்று ஏதாவது கையில் இருக்கும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கைக்கு எதிரே அவன் என்னைக் கவனிப்பது ஒரு வெற்றி மாதிரி இருந்தது. ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவளிடம் கேட்டான்.

“சின்ன அத்தை, உங்க பென்ஷனுக்கு நாமினி யாரு?”

“யாரும் இல்லடா. எனக்கு அப்புறம் அதுல ஒண்ணும் வராது.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். “அப்போ நீங்க நூறு வயசு இருக்கணும். கம்பெனிக்காரனை விடக்கூடாது.” அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் நிஜமாகவே சிரித்தார்கள். பிறகு அவன் என் பக்கம் திரும்பி, குரலை ஒரு படி இறக்கி, “பெரிய அத்தை, உங்க டெபாசிட்டுக்கெல்லாம் நாமினி போட்டிருக்கீங்களா? போடலன்னா அப்புறம் ரொம்ப அலையணும்” என்றான்.

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. அவள் நீண்ட நாள் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, கம்பெனியைத் தவிர. நான் நீண்ட நாள் இருந்தால், இருக்கிற ஒவ்வொரு மாதமும் அவனுக்கு வரவேண்டியதிலிருந்து கொஞ்சம் தின்றுகொண்டிருப்பேன். அவள் சாவுக்காக உலகத்தில் ஒருவரும் காத்திருக்கவில்லை. அந்தக் கொய்யாப்பழத்தை அதற்கப்புறம் என்னால் பழைய ருசியோடு தின்ன முடியவில்லை. அவள் இரண்டு தின்றாள்.

வருடத்துக்கு ஒரு தடவை அவள் உயிரோடு இருப்பதாகக் கம்பெனிக்குத் தெரியப்படுத்த வேண்டும். அதற்குக் கைரேகை வைக்கிற சென்டர் ஒன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த பெண் ஒரு சின்னக் கருவியை நீட்டி விரலை வைக்கச் சொன்னாள். கருவி ஏற்கவில்லை. அடுத்த விரல். அதுவும் இல்லை. வருஷக்கணக்கில் ஊசி குத்தியும், பட்டுத்துணியை நெருடியும், அயர்ன் பாக்ஸ் பட்டும் அவள் விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. கட்டைவிரலைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, மறுபடியும் வைத்துப் பார்த்தார்கள்.

“மேடம், உங்க ரேகையே வரமாட்டேங்குது,” என்றாள் அந்தப் பெண்.

“அப்போ நான் செத்துட்டேன்னு அர்த்தமா?” என்று கேட்டாள் என் தங்கை.

அந்த நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது. இதை வேறு எந்த வார்த்தையாலும் சொல்ல முடியாது. பென்ஷன் நின்றுவிடும், இனி அவளும் என்னோடு ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள் என்று என் மனம் ஒரு முழு மாதத்தை அதற்குள் வாழ்ந்து முடித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள் என்று நானும் சிரித்தேன், அவர்கள் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பெண் கண்ணைப் படம் பிடிக்கிற வேறொரு கருவியைக் கொண்டுவந்தாள். அது ஒரே தடவையில் அவளை ஏற்றுக்கொண்டது. வெளியே வந்ததும் அவள் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை அவள் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். நான் சத்தம் கேட்டு ஓடினேன், ஓட முடிந்த அளவுக்கு. பாசி பிடித்த தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். “அக்கா, எழுந்துக்க முடியல” என்று மெதுவாகச் சொன்னாள். அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். தொடை எலும்பு இடுப்பை ஒட்டி உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைக்கவேண்டும், தள்ளிப்போட்டால் படுக்கையோடு கிடக்க வேண்டியதாகிவிடும் என்றார் டாக்டர். முன்பணம் கட்டச் சொன்னார்கள்.

அவளிடம் கைச்செலவுக்கு இருந்தது போதவில்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஏஜென்டுக்கு போன் செய்தேன். தங்கை போட்ட பணத்திலிருந்து ஏதாவது எடுக்க வழி உண்டா என்று கேட்டேன்.

“இல்ல பெரியக்கா. முதல் திரும்பி வர்ற வகையா இருந்தா, பாதில முடிச்சுக்கறதுக்கோ லோன் கேக்கறதுக்கோ ஏதாச்சும் வழி பாக்கலாம். சின்னக்கா எடுத்தது அது இல்லியே. அதான் நான் அப்பவே சொன்னேன், இன்னும் கொஞ்சம் கையில வெச்சிக்கங்கன்னு.”

“சரிம்மா,” என்றேன்.

போனை வைத்தபோது எனக்கு என் மூச்சு நன்றாகக் கேட்டது. தங்கை உள்ளே வலியில் கிடக்கிறாள், பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்துக்குக் கீழே வேறு ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன். எடுக்க முடிகிற பணம்தான் பணம். நான் பாங்குக்குப் போய் இன்னொரு டெபாசிட்டை முறித்துக்கொண்டு வந்து கட்டினேன். அன்றைக்கு முழங்கால் வலிக்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நீ சொன்னதுதான் சரிக்கா, நான் கேட்டிருக்கணும் என்று சொன்னால் போதும். மறுநாள் சொல்வாள் என்று பார்த்தேன். கஞ்சி கொடுத்தேன், தலை வாரினேன், பெட்பேன் வைத்தேன். ஒவ்வொன்றையும் அந்த வார்த்தைக்காகவே செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காது அதற்காகத் திறந்தே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சொன்னாள். “அக்கா, எவ்ளோ ஆச்சுன்னு சொல்லு. மாசாமாசம் உன் அக்கவுன்ட்டுல போட்டுடறேன்.”

“நான் கேட்டனாடி?”

“நீ கேக்க மாட்ட. அதுக்காக நான் குடுக்காம இருப்பனா?”

அப்படியே செய்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் செய்யக் கற்றுக்கொண்டாள். மாதம் பிறந்ததும் அவள் போன் ஒலிக்கும். கொஞ்ச நேரம் கழித்து என் போன் ஒலிக்கும். தம்பி மகன் திருப்பித் தருவதாகச் சொன்ன தேதிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவனிடமிருந்து வரவில்லை, இவளிடமிருந்து தவறாமல் வந்தது. அவள் காலை நீட்டிக் கட்டிலில் படுத்திருந்தாள். வேலை இல்லை, நடை இல்லை, கடை இல்லை, ஆனாலும் மாதம் பிறந்தால் வந்தது. விழுந்தாலும் வந்தது. அதிலிருந்து கிள்ளி எனக்குப் போட்டாள். கடைசியில் நானும் அவளுடைய பென்ஷனைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். கோபுரவாசலில் அவள் கிள்ளிக் கொடுத்த பூவைவிட இது என்னை அதிகமாகச் சுட்டது.

அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கத் தொடங்கியபோது, நான் ஏஜென்டை வரச் சொன்னேன். தங்கை பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பிசியோதெரபிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். எனக்கும் அதே பென்ஷன் வேண்டும் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“எல்லாத்தையும் போடாதீங்க பெரியக்கா,” என்றாள் முதலில். “சின்னக்கா விஷயத்தைப் பாத்தீங்கல்ல. ஆஸ்பத்திரி, மருந்துன்னு ஒரு ஆத்திரம் அவசரத்துக்கு பாங்குல இருக்கட்டும். மாசச் செலவு நடக்கற அளவுக்கு மட்டும் இதுல போடுங்க.”

“சரி. எந்த வகைல போடறது?”

“அத நீங்கதான் சொல்லணும். தம்பி மகனுக்கு வர்ற மாதிரி போடலாம். இல்ல சின்னக்கா மாதிரி.”

அவன் குழந்தையாக இருந்தபோது கடையில் துண்டுத்துணிகளின் மேல் தூங்கியது நினைவுக்கு வந்தது. கூடவே அந்த இறங்கிய குரலும் வந்தது. பாங்கில் மிச்சம் வைப்பது அவனுக்கு இருக்கட்டும், இது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். “யாருக்கும் வராத வகையிலயே போடும்மா” என்றேன்.

அவள் போனில் ஏதோ தட்டிப் பார்த்து, மாதம் எவ்வளவு வரும் என்று சொன்னாள். பிறகு, “சின்னக்கா போட்ட கணக்குல பாத்தா லட்சத்துக்கு உங்களுக்குக் கொஞ்சம் கூடவே வருது” என்றாள்.

“ஏன்?”

“வயசுதான். எத்தினி வயசு கூட ஆகி சேர்றமோ, அத்தினிக்கு மாசம் கூடக் குடுப்பாங்க. அவுங்க சேர்ந்து வருஷம் ஆச்சு. நீங்க அவுங்கள விடப் பெரியவங்க வேற.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள். என் வயது எனக்கு எதையாவது கூட்டிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

முதல் மாதம் பணம் வந்தபோது நான் தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது மாதமும் சொல்லவில்லை. தம்பி மகன் வந்து, மனையில் தண்ணீருக்குப் போர் போடவேண்டும், கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“கம்பெனில போட்டுட்டேன்பா. மிச்சம் இருக்கறது ஆஸ்பத்திரிக்குன்னு வெச்சிருக்கேன்,” என்றேன். “நீ மொதல்ல வாங்கினதக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கப் பாரு.”

“சரி அத்தை” என்றான். அடை சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அதற்கப்புறம் முன்போல அடிக்கடி வருவதில்லை, ஆனால் வராமலும் இல்லை. அடுத்த பொங்கலுக்குள் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். வருகிறபோது நன்றாகப் பேசுகிறான். எனக்கு அது போதும் என்று இருக்கிறது.

அவன் போன பிறகு தங்கை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எப்ப போட்ட?”

“நீ காலுக்குப் பிசியோதெரபி போன அன்னிக்கு.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீ போடும்போது என்னைக் கேட்டுக்கினா போட்ட?”

எவ்வளவு வருகிறது என்று கேட்டாள். சொன்னேன். போட்டது எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் உதடுகள் லேசாக அசைந்தன. தைக்கிற காலத்தில் ஒரு துணியில் எத்தனை ரவிக்கை வரும் என்று மனதுக்குள் போட்டுப் பார்ப்பாளே, அப்படி. கணக்கு முடிந்ததும் அவள் முகம் மாறியது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். ஆனால் அதை நான் உள்ளேயிருந்துதான் அறிந்திருந்தேன், வெளியேயிருந்து பார்த்ததில்லை.

“உனக்கு எப்பிடிக்கா என்ன விடக் கூட வருது?”

“வயசுக்காம்.”

“மூணு வயசுதானே நீ பெரியவ.”

“நான் உனக்கு அப்புறம் சேர்ந்தேன்ல, அதையும் பாக்கணும்.”

“அப்ப நானும் கொஞ்சம் பொறுத்திருந்தா கூட வந்திருக்குமா?”

“வந்திருக்கும்போல.”

பொறுத்திருந்தால் அந்த இடைப்பட்ட வருடங்களின் பணம் அவளுக்கு வந்திருக்காது. அவள் வாங்கின செருப்பு, பூ, ஆட்டோ, மத்தியானத் தூக்கம் எதுவும் இருந்திருக்காது. ஏஜென்ட் எனக்கு அதையும் விளக்கியிருந்தாள். நான் அதைத் தங்கைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் ஏஜென்டுக்கு போன் செய்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் எல்லாம் கேட்டது. அக்காவுக்கு மட்டும் எப்படிக் கூட, என் பாலிசியை மாற்ற முடியுமா, நான் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் தங்கை கடைசியில், “சரிம்மா, சும்மாதான் கேட்டேன்” என்று வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் அவள் தூங்கவில்லை. கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தாள். நான் கீழே பாயில் படுத்திருந்தேன். அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, இத்தனை காலத்தில் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். ஏஜென்ட் சொன்ன மீதியையும் அவளிடம் சொல்லிவிட்டால் அவளுக்கு நிம்மதியாகிவிடும். சாயங்காலம் சொல்லலாம், இல்லாவிட்டால் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது. அந்த யோசனையிலேயே எனக்குக் கண் செருகியது.